கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு மாப்பிள்ளை

திங்கட்கிழமை மத்தியானம் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமாவிலிருந்து வுச்சீரியாச் சந்தை வரைக்கும் ஏர்னஸ்ற் ஒரு பத்தடி ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் சமைத்து, துடைத்து, மருந்து எடுத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோறாவின் ஏணி அது. நாளைக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தார். வழியில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் வெள்ளையடிக்க வர முடியுமா என்று கேட்டார்கள். ஒரு ஸ்கூட்டர்காரன் ஏணி முனையில் தன் தொப்பியைப் பறிகொடுத்துவிட்டு அவருடைய முன்னோர்களை எல்லாம் விசாரித்தான். ஏர்னஸ்ற் எதற்கும் திரும்பவில்லை. அவருடைய மனம் முழுக்க மூன்று மீற்றர் எண்பது சென்ரிமீற்றரில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சுவரில் ஏணியைச் சாத்தி ஏறினார். பழைய கட்டடம், முகடு நல்ல உயரம். குளிர்காலத்தில் சூடாக்க முடியாமல் வருடா வருடம் அவர் திட்டித் தீர்த்த அந்த உயரம் அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. தரையிலிருந்து அளவு நாடாவைப் பிடித்து, மூன்று எண்பது வந்த இடத்தில் பென்சிலால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே 'கடல்' என்று எழுதினார். இறங்கி வந்து கதிரையில் இருந்து அண்ணாந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க மூச்சு முட்டியது.

மனைவி றோசமலர் வேலை முடிந்து வந்தபோது அவர் அப்படியே இருந்தார்.

"என்னப்பா அது?"

"கடல்."

"கடல் ஏன் எங்கடை சுவரிலை நிக்குது?"

"இஞ்சை இல்லை, அங்கை. உனக்கு மருமோனா வரப்போறன் எண்டு நிக்கிறானே விதுரன், அவன்ரை ஊரிலை. இந்தக் கதிரை அங்கை இருந்தால், கடல் அந்தக் கோட்டிலை நிக்கும். அவ்வளவு பள்ளத்திலை சனம் சோறு சமைக்குது, சைக்கிள் ஓடுது."

றோசமலர் கைப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கோட்டுக்கு வெகு கீழே இயேசுவின் திரு இருதயப் படம் தொங்கியது. "அப்ப ஆண்டவரும் தண்ணிக்குக் கீழையோ?"

"ஓம். அவரும்தான்."

விஷயம் இதுதான். ஏர்னஸ்றுக்கு ஒரே மகள், றம்யா. வயது இருபத்தேழு, பலெர்மோவில் பிறந்து வளர்ந்த தாதி. இரண்டு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் கெவலார் மாதா திருவிழாவுக்குப் போன இடத்தில், சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன் கடைசி இடியப்பத்தைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தான் என்பதில் தொடங்கிய கதை, இப்போது கலியாணப் பேச்சுக்கால் வரை வந்துவிட்டது. அவன்தான் விதுரன். ஒல்லாந்தில் லீஸ்டர்மேர் என்ற ஒரு சின்ன நகராட்சியில் தாயோடு இருக்கிறான். வருகிற ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் பலெர்மோவுக்கு வருகிறார்கள். அன்றைக்கு ஏர்னஸ்ற் 'ஓம்' அல்லது 'இல்லை' என்று ஒன்றைச் சொல்ல வேண்டும்.

றம்யா அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. "பப்பா, நீங்கள் ஓம் எண்டாத்தான் போவன். இல்லை எண்டால் போகமாட்டன். ஆனா வேறை ஒருத்தரையும் கட்டவும் மாட்டன். பாஸ்தா, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்தச் சொல் ஏர்னஸ்றின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சண்டை பிடித்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம்.

அவருடைய ஆசை சின்னது. மகளைப் பக்கத்து ஊரான பகேரியாவில் கட்டிக்கொடுக்க வேண்டும். ரயில் ஏறினால் கால் மணித்தியாலம். கறி ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். பகேரியாவைத் தாண்டிய உலகத்தில் மாப்பிள்ளைகள் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் அவர்களால் தனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைத்தார்.

பயம் வேறு விஷயம். அது ஆசையைப் போலச் சின்னது அல்ல. மன்னாரிலிருந்து அவர் இராமேஸ்வரத்துக்குப் போனது தொண்ணூறாம் ஆண்டு. பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய வள்ளத்தில் முப்பத்தொரு பேர். பாதிவழியில் பலகை விலகித் தண்ணீர் ஏறியது. ஓட்டி, "கொஞ்சத் தண்ணிதான், ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ, செபம் சொல்லுங்கோ," என்றான். எல்லாரும் செபம் சொன்னார்கள். ஏர்னஸ்றும் சொன்னார். எதிரே இருந்த ஒரு பெண் மட்டும், "பொய். வள்ளம் தாழ இன்னும் ரெண்டு விரலுக்கட்டைதான் இருக்கு. பாத்துக்கொண்டிராமல் அள்ளும்," என்று ஒரு பிஸ்கற் தகரத்தை அவர் மடியில் எறிந்தாள். தானும் ஒன்றை வைத்திருந்தாள். ஆறு மணித்தியாலம் இரண்டு பேரும் அள்ளினார்கள். அவள்தான் றோசமலர். கரைக்கு வந்தபின் அகதி முகாமிலேயே கலியாணம். அதற்குப் பிறகு ஏர்னஸ்ற் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. மொண்டெல்லோக் கடற்கரைக்குச் சப்பாத்தோடு போகும் மனிதர் பலெர்மோவில் அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் கடலை விடத் தாழ்ந்த ஒரு ஊர் சம்பந்தமாக வந்து வாய்த்திருந்தது.

சரி, மாப்பிள்ளையின் ஊரை விசாரிக்க வேண்டும். பேச்சுக்கால் என்றால் முதலில் ஊர் விசாரிப்பு. குடும்பம் எப்படி, குடி உண்டா, வருத்தம் உண்டா, அயலோடு சண்டை உண்டா. இதையெல்லாம் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து, கலியாண விஷயம் என்று காட்டிக்கொள்ளாமல், மழை தண்ணி எப்படி என்று தொடங்கிக் கேட்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்கவே கூடாது. றம்யா இரண்டு தரம் வாய் திறந்தாள்.

"பப்பா, அவர் என்ன வேலை செய்யிறார் எண்டு நான் சொல்லட்டே?"

"கவுண்மேந்து எஞ்சினியர் எண்டு சொன்னனீ. காணும். மிச்சத்தை நான் விசாரிக்கிறன். நீ சொல்லுறது விசாரிப்பு இல்லை, வக்காலத்து."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

ஆனால் லீஸ்டர்மேரில் யாரைப் பிடிப்பது? ஒல்லாந்திலேயே டென் ஹாக்கில் இருக்கும் பழைய கூட்டாளி சுரேஸைத் தொலைபேசியில் பிடித்தார். "லீஸ்டர்மேரோ? நான் முப்பது வருசமா இஞ்சை இருக்கிறன், அந்தப் பேரை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். அங்கை தமிழர் ஆர் இருக்கப்போகினம், மாடுதான் இருக்கும்," என்றான் சுரேஸ்.

அடுத்த ஆள் தினேஷ்குமார். திருநெல்வேலிப் பையன், பல்கலைக்கழகத்தில் நிலவியல் ஆராய்ச்சி, மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறான். ஏர்னஸ்ற் அவனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் கட்லற்றும் வைத்து, கோட்டைக் காட்டினார். தினேஷ்குமார் லப்டொப்பைத் திறந்து லீஸ்டர்மேரின் பூகோளம், சரித்திரம் எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னான்.

அந்த ஊர் ஒரு காலத்தில் ஏரி. ஆயிரத்து அறுநூற்று முப்பதுகளில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து சுற்றிவரக் கரை கட்டி, இருபத்தாறு காற்றாடி ஆலைகளை நிறுத்தி, நான்கு வருடம் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினார்கள். ஏரி வற்றியதும் அடியில் துள்ளிய மீனை விற்று, அந்த இடத்தில் முட்டைக்கோவா நட்டார்கள். இன்றைக்கு ஆறாயிரத்து இருநூறு சனம், ஒன்பதாயிரம் மாடு. தெருவெல்லாம் கோடு போட்டதுபோல நேர். மிக உயரமான இடம் நெடுஞ்சாலைக்கு மேலால் போகும் ஒரு பாலம். அதில் ஏறி நின்று காற்று வாங்குவதற்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போவார்களாம். சரித்திரத்தில் நடந்த பெரிய குற்றம், ஐம்பது வருடத்துக்கு முன் தேவாலயக் கோபுரத்தின் தகரச் சேவல் களவு போனது. பக்கத்து நகராட்சியான ஓஸ்டர்ஹெக்காரர்தான் எடுத்தார்கள் என்று சந்தேகம். இன்றுவரை இரண்டு ஊருக்கும் முகம் கொடுத்துக் கதை இல்லை.

"சேவலைத் திருப்பிக் குடுக்கேல்லையோ?" ஏர்னஸ்றுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"இன்னும் குடுக்கல அங்கிள்."

"என்ன சனமப்பா! கோயில் சாமான்!"

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு தினேஷ்குமார் தன் படிப்பைக் காட்டினான். "சும்மா சொல்லக்கூடாது அங்கிள், பாதுகாப்புன்னு பாத்தா அந்த ஊரு எவ்வளவோ மேல. நிலநடுக்கம் கிடையாது, எரிமலை கிடையாது. நம்ம இருக்கிற இந்த பில்டிங்தான் எனக்கு பயமா இருக்கு."

ஏர்னஸ்ற் மிச்சக் கட்லற்றை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஊர்க்காரர் ஒருவரும் கிடைக்காவிட்டால் ஊரையே கேட்டுவிட்டால் என்ன? நகராட்சிக் கந்தோருக்கு எழுதினால் அவர்களை விட ஊரைத் தெரிந்தவர் யார்? இணையத்தில் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. எந்த மொழியில் எழுதுவது என்று அவர் ஒரு நிமிடம்கூடக் குழம்பவில்லை. தமிழில் எழுதினார். பொலிஸ் கந்தோரான கொஸ்தூராவில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கண்டிருக்கிறார். ஐரோப்பாவில் எல்லாக் கந்தோரிலும் அப்படி ஒருவரை அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம்.

இருபத்தொரு கேள்விகள். முதல் பத்தும் கடலைப் பற்றியவை. கரை எத்தனை அடி தடிப்பு, கடைசியாக எப்போது உடைந்தது, உடைந்தால் மேலே ஏற மரம் உண்டா, பாலம் எத்தனை பேரைத் தாங்கும். நடுவில் சேவலைப் பற்றி ஒன்று. பிறகு, மிகவும் சாதுரியமாக என்று அவர் நினைத்துக்கொண்டு, "உங்கள் ஊரில் மோலன் வீதி பதினான்காம் இலக்கத்தில் ஒரு தாயும் மகனும் இருப்பதாகக் கேள்வி. சும்மா கேட்கிறேன். மகன் குடிப்பாரா? கோபக்காரரா? சமைப்பாரா? வேறு பெண் தொடர்பு உண்டா? குறட்டை?" என்று எழுதினார். இருபத்தொராவது கேள்வியை மூன்று தரம் அழித்துவிட்டு எழுதினார். கடல் வந்தால் என் பிள்ளையை யார் தூக்குவது?

அனுப்பிவிட்டு, பெருமூச்சு விட்டு, கோட்டுக்குக் கீழே சாய்ந்து படுத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பதில் வந்துவிட்டது. தினேஷ்குமாரைக் கொண்டு அச்செடுத்தார், பதினொரு பக்கம். மேலே நகராட்சியின் முத்திரை, ஒரு வரைபடம், அதற்குக் கீழே சுத்தமான தமிழ். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அனுப்பிய மடல் எமது நகராட்சிக்குக் கிடைக்கப்பெற்றது. அறிந்துகொள்ள விரும்பும் எவருக்கும் விடையளிப்பது எமது கடமையாகும்." கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக, 'நீர்ப் பிரிவு அலுவலர், லீஸ்டர்மேர் நகராட்சி' என்று மட்டும் இருந்தது.

ஏர்னஸ்ற் எழுந்து நின்றுதான் வாசித்தார். "றோசமலர்! இஞ்சை வந்து பார்! நான் சொன்னனானெல்லே? தமிழ் அலுவலர் வைச்சிருக்கிறாங்கள்! அந்த விசரன் சுரேஸ் மாடுதான் இருக்கும் எண்டவன்!"

றோசமலர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து தாளைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். திரும்பவும் தாளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "வாசியுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தாள். குளியலறையிலிருந்து றம்யா சிரிக்கும் சத்தம் கேட்டது. தொலைபேசியில் யாரோடோ கதைக்கிறாள் போலும்.

அலுவலர் ஒன்றையும் மறைக்கவில்லை. கரை ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்தில் உடைந்தது, ஊர் முழுக்க மூழ்கியது, திரும்பவும் இறைத்தார்கள். ஊரில் மரங்கள் உண்டு, ஆனால் ஏறுவதற்கு வசதியானவை அல்ல. சேவல் விடயம் விசாரணையில் இருப்பதால் கருத்துக் கூற இயலாது. "தனியாரைப் பற்றிய தகவல்களை வழங்குவதற்குச் சட்டம் இடங்கொடாது. ஆயினும் சம்பந்தப்பட்டவரிடமே நேரில் வினவியபோது, அவர் உண்மையைச் சொல்லச் சம்மதித்தார். சனிக்கிழமைகளில் ஒரு பியர் அருந்துவார். கோபம் வந்தால் கதைக்காமல் இருப்பார், அது கத்துவதைவிடக் கூடாத பழக்கம் என்று அவருடைய தாயார் கூறுகிறார். சோற்றைக் கருக்குவார். வேறு பெண் இல்லை. குறட்டை உண்டு."

"பாத்தியே," என்றார் ஏர்னஸ்ற். "சோறு வடிக்கத் தெரியாது. குறட்டை வேறை."

"நீங்கள் விடாத குறட்டையோ?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தொராவது கேள்வியின் பதிலில் நின்றுவிட்டார். அதைச் சத்தமாக வாசிக்காமல் மனதுக்குள் வாசித்தார்.

"தூக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீர், குறித்த மட்டத்துக்கு மேலே பத்துச் சென்ரிமீற்றர் ஏறினால் முதலில் நீர்ப் பிரிவு அலுவலரின் தொலைபேசி அடிக்கும். கடந்த எட்டு வருடத்தில் நாற்பத்தொரு தடவை அடித்தது. நாற்பத்தொரு தடவையும் அவர் போனார். இந்த ஊர் ஏறக்குறைய நானூறு வருடமாக ஒரு நாள்கூட நிறுத்தாமல் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுகிறது. அந்த ஒரு உடைப்புக்குப் பின்னர் இன்றுவரை எங்களுக்கு ஒருவரையும் தூக்க நேரவில்லை, ஏனெனில் முன்னரே அள்ளிவிட்டோம்."

ஏர்னஸ்றுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனிதனை அவர் ஐரோப்பாவில் கண்டதில்லை. அந்த ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் சிஞ்ஞோறாவின் வீட்டிலும் எடுத்து எடுத்து வாசித்தார். சிஞ்ஞோறா ஏணி எங்கே என்று கேட்டாள். பாவனையில் இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை பின்னேரம், தேங்காய் துருவிக்கொண்டிருந்த றோசமலருக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இஞ்சரும், எனக்கு ஒரு யோசனை. விதுரன் நல்ல பெடியனா இருக்கலாம். ஆனா எங்கடை பிள்ளைக்கு ஏற்ற ஆள் அந்த அலுவலர்தான். எவ்வளவு நேர்மை, எவ்வளவு பொறுப்பு! அவருக்குக் கலியாணம் ஆகிட்டுதோ எண்டு ஒருக்கா விசாரிச்சால் என்ன?"

துருவிய கை நின்றது. றோசமலர் சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமினாள். இருமல் வெகு நேரம் நிற்கவில்லை. "விசாரியுங்கோ," என்றாள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விசாரிக்கிறதிலை என்ன பிழை?"

விசாரித்தார். இரண்டாவது கடிதம் எட்டு வரிதான். அலுவலருக்கு வயது என்ன, சொந்த ஊர் எது, வேதக்காரரா, கலியாணம் ஆகிவிட்டதா. செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வயது முப்பத்தொன்று. பூர்வீகம் நெடுந்தீவு. கத்தோலிக்கர். கலியாணம் ஆகவில்லை. "ஆனால் அவர் பலெர்மோவில் ஒரு பெண்ணை மனதார விரும்புகிறார். அவளுடைய தகப்பனாரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்."

"அட, ஆரோ முந்திப்போட்டாங்கள்!" என்று ஏர்னஸ்ற் நெற்றியில் அடித்துக்கொண்டார். பலெர்மோவில் பெண்பிள்ளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணி, பக்கத்துத் தெருக் கிளறாவின் புருஷன் மேல் சந்தேகப்பட்டு, ஞாயிறு வரை அவரோடு கதைக்கவே இல்லை. தகப்பன் இன்னும் பதில் சொல்லவில்லைத்தானே, அலுவலரின் மனம் மாறாதா என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விதுரனும் தாய் மாக்கிரட்டும் வந்தார்கள். விதுரன் உயரமாக, மெலிந்து, கூச்சத்தோடு நின்றான். மாக்கிரட் பெரிய குரல்காரி. வந்ததும் கூடத்தின் நடுவில் நின்ற ஏணியைச் சுற்றி நடந்து, "வீடு கட்டி முடியேல்லையோ?" என்று கேட்டாள். பிறகு கதிரையில் இருந்து பயத்தம் பணியாரத்தைக் கடித்தபடி, "டச்சுக்காரன் எங்கடை தீவுக்கு வந்து தன்ரை ஊர்ப்பேரை வைச்சிட்டுப் போனவன். நாங்கள் பேசாமல் அவன்ரை ஊரிலை போய் இருந்திட்டம். விட்டுது அலுவல்," என்றாள். வேறு நேரமாக இருந்தால் ஏர்னஸ்ற் அவளோடு நன்றாக ஒத்துப்போயிருப்பார்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். றம்யா குசினி வாசலில் நின்றாள். அவள் கை நிலையைப் பிடித்திருந்தது. ஏர்னஸ்ற் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நீர் குறை நினைக்கக்கூடாது. உம்மிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா என்ரை பிள்ளையை அந்தப் பள்ளத்துக்குள்ளை அனுப்புறதெண்டால், அங்கை தண்ணியைப் பாக்கிற ஆளிலை எனக்கு நம்பிக்கை வேணும். அப்பிடி ஒருத்தர் இருக்கிறார். உங்கடை நகராட்சியிலைதான். எங்கடை தமிழ்ப்பெடியன். நான் அவரைத்தான்..." அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். "நீர் அவரை அறிவீரோ?"

மாக்கிரட்டின் பணியாரம் பாதியில் நின்றது. "எங்கடை ஊரிலை வேறை தமிழரோ? அண்ணை, அந்த ஊரிலை தமிழர் எண்டால் நானும் இவனும்தான். மிச்சமெல்லாம் மாடு."

கீழே சந்தியில் யாரோ மீன் விலை கூவுவது கேட்டது.

விதுரன் எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தது. "அங்கிள், அந்தக் கடிதம் நான் எழுதினது. தமிழிலை வந்ததெண்டு எல்லாருமாச் சேர்ந்து என்ரை மேசையிலை கொண்டுவந்து வைச்சிட்டினம். நான்தான் அங்கை நீர்ப் பிரிவு."

"ரெண்டாவது கடிதம்?"

"அதுவும்."

"சோறு கருக்குறது?"

"அதுவும் நான்தான்."

ஏர்னஸ்ற் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். வெட்கத்தில் அவருக்கு உச்சி சுட்டது. வெட்கம் கோபமாகத் திரும்ப வெகு நேரம் எடுக்கவில்லை. "அப்ப எல்லாருமாச் சேர்ந்து என்னை விசரனாக்கிப்போட்டியள். எழுதினதெல்லாம் மாப்பிள்ளை எழுதினது. அதை நான் எப்பிடி நம்புறது? தன்ரை ஊரைத் தானே நல்லது எண்டு ஆரும் எழுதுவினம்."

"எழுதினதெல்லாம் உண்மை அங்கிள்," என்றான் விதுரன். பிறகு அவன் கண் மேலே போனது. 'கடல்' என்று எழுதியிருந்த கோட்டில் நின்றது. புருவம் சுருங்கியது. "அது மட்டும் பிழை."

"எது?"

"அந்தக் கோடு." அவன் காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். பெண் பார்க்க வருகிறவன் அளவு நாடாவோடு வந்திருந்தான். ஏணியில் விறுவிறென்று ஏறினான். "இணையத்திலை போட்டிருக்கிறது கோயிலடியிலை எடுத்த அளவு. எங்கடை தெரு அதைவிடப் பள்ளம். பிறகு நிலம் வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. இப்ப நாலு மீற்றர் பத்து."

"டேய், இறங்கடா!" மாக்கிரட் அலறினாள். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியே!"

"மிட்சிக்கா! ஐயோ, வித்து!" றம்யா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அவன் அளந்துவிட்டான். பழைய கோட்டுக்கு ஒரு சாணுக்கு மேலே, முகட்டை முட்டுகிறமாதிரி, காதில் செருகியிருந்த பேனையால் புதுக் கோடு ஒன்றை இழுத்தான். நேராக இருக்கிறதா என்று தலையைச் சரித்துப் பார்த்தான். பிறகுதான் தான் எந்த வீட்டில், எந்த அலுவலுக்காக வந்து, எந்தச் சுவரில் ஏறி நிற்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஏணியின் மேற்படியிலிருந்து மெல்ல, "ஆனா உண்மையான அளவு தெரிஞ்சால்தானே அங்கிள் சரியா அள்ளலாம்," என்றான்.

ஏர்னஸ்ற் அண்ணாந்தபடி நின்றார். பொய் சொல்லியிருந்தால், அளவு உண்மையில் இரண்டு மீற்றர்தான் என்று சொல்லியிருந்தால், அவர் நம்பியிருப்பார். நம்புவதற்கு ஆசையாகக்கூட இருந்தார். ஓட்டி அப்படித்தான் சொன்னான், கொஞ்சத் தண்ணிதான் என்று. அன்றைக்கு முப்பத்தொரு பேரில் ஒரு ஆள்தான் உண்மையான அளவைச் சொன்னது. அந்த ஆளோடு அவர் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்துவிட்டார்.

அவர் குசினிக்குள் போனார். அலுமாரிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஏதோ விழுந்து உருண்டது. மாக்கிரட் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மகனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

ஏர்னஸ்ற் திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு வெறுந் தகரங்கள் இருந்தன. ஐந்து லீற்றர் ஒலிவ் எண்ணெய்த் தகரங்கள். மேல்மூடி வெட்டி, விளிம்பு மடித்து, கழுவித் துடைத்தவை. ஒன்றை ஏணியடியில் இறங்கி நின்ற விதுரனின் கையில் கொடுத்தார்.

மாக்கிரட் எட்டிப் பார்த்தாள். "இதென்ன அண்ணை, சீதனமோ?"

"ஓம்," என்றார் ஏர்னஸ்ற். "சீதனம்தான்."

அந்தக் கூடத்தில் அது விளங்கியது ஒருத்திக்குத்தான். றோசமலர் ஏணியின் கீழ்ப்படியில் பொத்தென்று இருந்து, சிரிப்பும் அழுகையுமாகச் சேலையில் முகத்தைப் புதைத்தாள். விதுரன் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது அஞ்சு லீற்றர் பிடிக்கும்," என்றான் மரியாதையாக.

மற்றத் தகரத்தை ஏர்னஸ்ற் மகளிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"அவன் அள்ளேக்கை நீ பாத்துக்கொண்டிராதை, பிள்ளை. நீயும் அள்ளு."